கண்ணாடி பிடிக்கும் கை

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். பழைய மாணவர்கள் இத்தகைய மலர்களில் ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்களையும், விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளையும், விடுதி வாழ்க்கையின் குறும்புகளையும் எழுதுதல் மரபு. அவற்றை என்னினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். நானோ வாழ்நாளின் பெரும்பகுதியை ஆய்வுகூடங்களிலே கழித்தவன். ஆகவே, உடையக்கூடிய கண்ணாடிக் கருவிகளைப் பிடித்தற்கு இயந்திரக் கை எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதைப் பற்றி எழுதத் துணிந்தேன். ஆயினும் அக்கதை எனக்கு எமது கல்லூரியின் பழைய இரசாயன ஆய்வுகூடத்திலேதான் தொடங்குகின்றது. அங்கு நான் செய்த ஒரு பிழையைக் கூறாமல் அதனைச் சொல்லி முடித்தல் இயலாது.

அது 1970களின் முற்பகுதி. அந்நியச் செலாவணி அருகியமையால் வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதி நாடெங்கும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் கருவி உடைந்தால், அதற்கு மாற்று எப்பொழுது வரும் என்று எவராலும் கூற முடியாதிருந்தது. உயர்தர வகுப்பில் இரசாயனம் பயின்ற எமக்கு இருந்த அளவிகள் மிகச் சிலவே. அளவி என்று பாடநூல்களில் அச்சிட்டிருந்தாலும், பேச்சில் நாம் அதனைப் பியூரெட் என்றே வழங்கினோம். நீண்டு மெலிந்த கண்ணாடிக் குழாய். உடலெங்கும் மில்லிலீற்றர்க் கோடுகள். அடியில் கண்ணாடியாலான திருகடைப்பு. அதிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாகக் குடுவையுள் விட்டு, காட்டியின் நிறம் மாறும் கணத்தில் அடைப்பைத் திருகி நிறுத்துதலே நியமிப்பு என்னும் பரிசோதனை.

ஆய்வுகூட உதவியாளராக இருந்தவரை மாணவர் அனைவரும் அண்ணை என்றே அழைப்போம். அவர் இரசாயனம் படித்தவரல்லர். ஆயினும் அவ்விடத்துக் கண்ணாடிப் பொருள் ஒவ்வொன்றின் இயல்பையும் அவர் விரல்கள் அறிந்திருந்தன. முதன்முறை அளவியைத் தாங்கியிற் பொருத்த முயன்றபோது, விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் நான் அதனை முழுப் பலத்துடன் பற்றினேன். அண்ணை என் மணிக்கட்டை மெல்லத் தட்டினார். "தம்பி, இறுக்கிறது பிடியில்லை. அது வழுக்கப் பார்க்குதோ எண்டு விரலாலை கேட்டுக்கொண்டு இரு. கேட்டால் கை தானாய்ப் பிடிக்கும்" என்றார். அன்று அதனை ஓர் எளிய மனிதரின் பேச்சு என்றே எண்ணினேன். அதன் பொருளை விளங்கிக்கொள்ள எனக்கு முப்பதாண்டுகள் சென்றன.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வகுப்பு முடிந்து அளவியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீடு செல்லும் அவசரம். திருகடைப்புக்குச் சற்று மேலே அதன் உடல் தண்ணீர்க் குழாயில் மெல்லத் தட்டுப்பட்டது. மெல்லிய ஓர் ஓசைதான். தூக்கிப் பார்த்தேன், மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. உடைந்து விழவுமில்லை, ஒழுகியதாகத் தெரியவுமில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், எவரும் இல்லை. வெடிப்புச் சுவரை நோக்கி இருக்கத்தக்கதாக அதனைத் தாங்கியில் வைத்துவிட்டு வெளியேறினேன்.

திங்கட்கிழமை அவ்வளவி என் நண்பன் ஒருவனுக்குக் கிடைத்தது. வகுப்பிலே மிகக் கவனமாக வேலை செய்பவன் அவன். மூன்று முறை நியமித்தான். மூன்று அளவீடுகளும் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்தன. வெடிப்பினூடாகக் கசிந்த அமிலம் குடுவையுள் விழாமல் தாங்கியின் தட்டிலே சொட்டியதை அவன் கவனிக்கவில்லை. தான் கண்டவற்றைக் கண்டவாறே எழுதினான். வேண்டிய விடைக்கு ஏற்ப எண்களைத் திருத்தும் வழக்கம் எம்மிற் சிலரிடம் இருந்தது, அவனிடம் இல்லை. ஆசிரியர் அவன் குறிப்பேட்டைப் பார்த்து, கவனமின்மைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் வேண்டுமோ என்று வகுப்பார் அனைவரும் கேட்கக் கடிந்து, சிவப்பு மையினாற் குறுக்கே கோடிட்டார். நான் இரண்டாவது மேசையில் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை.

சிறிது நேரத்தின் பின் அண்ணை மேசைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். தாங்கியின் தட்டில் ஈரத்தைக் கண்டார். அளவியைக் கழற்றி யன்னலின் வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். பின்னர் ஆசிரியரிடஞ் சென்று, "சேர், இது என்ரை பிழை. கழுவி வைக்கேக்கை நான் பாக்கேல்லை" என்றார். அந்த அளவியைக் கழுவி வைத்தவன் நான் என்பதை அவர் அறிந்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டிறுதியில் நடந்த பொருட் கணக்கெடுப்பின்போது அவ்வளவிக்காக அவர் ஒரு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்ததென அறிந்தேன். நண்பனின் குறிப்பேட்டிலோ அச்சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

காலம் என்னை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது. அங்கே ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்திற் சேர்ந்து, நோயாளரின் குருதியைப் பகுத்தாராயும் தொழிலில் முப்பதாண்டுகளுக்கு மேலாக இருந்தேன். நான் சேர்ந்த நாள்களில் குருதிக் குழாய்களை எடுப்பதும், திறப்பதும், அடுக்குவதும் எங்கள் கைகளே. நாளடைவில் இயந்திரங்கள் அவ்வேலைகளை ஒவ்வொன்றாக மேற்கொண்டன.

இயந்திரக் கைகளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுதல் பொருந்தும். றோபோ என்னும் சொல்லை உலகுக்கு அளித்தது, செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ஒரு நாடகம். அம்மொழியிற் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. தொழிற்சாலையிற் பணிக்கமர்ந்த முதலாவது றோபோவாகிய யுனிமேற் 1961இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒரு மோட்டார் வண்டித் தொழிற்சாலைக்கு வந்தது. அச்சில் வார்க்கப்பட்டுச் சூடாக வெளிவரும் உலோகத் துண்டுகளை எடுத்து வைத்தலே அதன் கடமை. உலோகம் நெரிபடாது; எவ்வளவு பலத்தோடு பிடித்தாலும் தாங்கும். ஆகவே அவ்வியந்திரம் தான் எதனைப் பிடிக்கின்றது என்பதை உணர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

உணர்வின் தேவை வேறோரிடத்திலே தோன்றியது. சிக்காக்கோ நகரத்துக்கு அண்மையிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில், கதிர்த்தொழிற்பாடுள்ள பொருள்களைத் தடித்த சுவருக்கு அப்பால் வைத்துக் கையாள வேண்டியிருந்தது. ரேமண்ட் கோட்ஸ் என்னும் பொறியியலாளர் 1940களின் இறுதியில் அதற்கென ஒரு கருவியை ஆக்கினார். சுவருக்கு இப்பால் மனிதர் தம் கையை அசைப்பர். அப்பால் இயந்திரக் கை அதனைப் போலவே அசையும். 1954இல் அவர் மின்னால் இயங்கும் இணையை ஆக்கியபோது, அப்புறத்துக் கை சந்திக்கும் எதிர்விசை இப்புறத்து மனிதரின் கைக்கும் திருப்பி உணர்த்தப்படுமாறு அமைத்தார். கண்ணாடிப் பாத்திரத்தைத் தொலைவிலிருந்து கையாள்வோர்க்குக் கண் மட்டும் போதாது, தொடுகையும் வேண்டும் என்பதை அக்கருவி எடுத்துக் காட்டியது.

மருத்துவ ஆய்வுகூடத்துக்கு இயந்திரங்களை முழுமையாகக் கொண்டுவந்த முன்னோடி, யப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மசாஹிதே சசாகி. 1980களில் அவருடைய ஆய்வுகூடத்தில் நோயாளரின் குருதிக் குழாய்கள் ஓடுபட்டியிற் சென்றன. றோபோக்கள் அவற்றைக் கையாண்டன. அவ்வழியே உலகின் பெரிய வைத்தியசாலைகள் பலவும் பின்னர் நடந்தன.

நான் பணியாற்றிய இடத்துக்கும், 2000ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னர், ஓர் இயந்திரக் கை வந்து சேர்ந்தது. குருதிக் குழாயைத் தட்டிலிருந்து எடுத்துப் பகுப்பாய்வுக் கருவியில் வைத்தலே அதன் பணி. இரு விரல்கள், எந்தக் குழாய்க்கும் ஒரே இடைவெளி, ஒரே விசை. களைப்பறியாது இரவு முழுவதும் அது வேலை செய்வதைப் பார்த்து நாங்கள் வியந்தோம்.

ஓரிரவு நான் கடமையில் இருந்தேன். விடியற்காலை குழந்தைகள் பிரிவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பிறந்து சில நாள்களேயான ஒரு சிசுவின் குருதி முடிவு இன்னும் வரவில்லையே என்று தாதி கேட்டார். பதிவேட்டைப் பார்த்தேன். இயந்திரம் அக்குழாயை எடுத்ததாகவும், வைத்ததாகவும், கடமை நிறைவேறியதாகவும் பதிந்திருந்தது. தேடிப் பார்த்தபோது குழாய் மேசையின் கீழே கிடந்தது. குருதி சிந்திக் காய்ந்திருந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த அச்சிறு குழாயின் மேல் ஈரம் படிந்திருந்தமையால், அது விரல்களிலிருந்து வழுக்கி விழுந்திருந்தது. வெறுங்கையோடு சென்ற இயந்திரம், வெறுமையை வைத்துவிட்டு, வைத்ததாக எழுதியிருந்தது.

மூன்று கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிசுவின் உடலில் உள்ள குருதி முழுவதும் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர்தான்; ஒரு பெரிய தேநீர்க் கோப்பையின் அளவு. அதிலிருந்து மீண்டும் எடுக்க வேண்டும். அக்குழந்தையின் குதிக்காலில் மீண்டும் ஊசி குத்தப்பட்டது. "யார் கையிலிருந்து விழுந்தது?" என்று தாதி என்னைக் கேட்டார். எவர் கையிலிருந்தும் விழவில்லை என்று விடையளித்தேன். அவ்விடையைக் கூறிய அக்கணத்திலே, நான் பல்லாண்டுகளாக எண்ணாதிருந்த அந்த அளவி, வெடிப்புச் சுவரை நோக்கியபடி, என் கண்முன் வந்து நின்றது.

அன்று முதல், பிடித்தல் என்பது யாது என்பதை நான் ஒரு மாணாக்கனைப் போல மீண்டும் கற்கலானேன். கற்றவற்றை இன்று விஞ்ஞானம் பயிலும் எம் கல்லூரித் தம்பிமாருக்காக இங்கே தருகின்றேன்.

15 கிராம் நிறையுள்ள ஒரு குழாயை இரு விரல்களுக்கிடையே நிலைக்குத்தாகத் தூக்குவதாகக் கொள்வோம். அதன் பாரம் ஏறத்தாழ 0.15 நியூற்றன். அதனைத் தாங்குவது விரலின் நெருக்கு விசை நேரடியாக அன்று. அந்நெருக்கினால் எழும் உராய்வே. உராய்வுக் குணகம் 0.5 ஆயின், ஒவ்வொரு விரலும் குறைந்தது 0.15 நியூற்றன் விசையோடு நெருக்கல் வேண்டும். குழாய் ஈரமாகிக் குணகம் 0.25 ஆகக் குறைந்தால், வேண்டிய விசை இருமடங்காகும். அப்படியாயின் எப்பொழுதும் பன்மடங்கு விசையோடு பிடித்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அங்கேதான் கண்ணாடி குறுக்கே நிற்கின்றது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கிரிஃபித் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1921இல் வெளிவந்த தம் கட்டுரையில், கண்ணாடியின் பலவீனம் அதன் மேலுள்ள நுண்ணிய கீறல்களிலே தங்கியிருக்கின்றதென விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத அக்கீறலின் நுனியில் தகைப்புக் குவிந்து, வெடிப்பு ஓடத் தொடங்குகின்றது. குறைத்துப் பிடித்தால் விழும். மிகைத்துப் பிடித்தால் வெடிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியே பிடியின் வழி. அவ்வழியும் பொருளுக்குப் பொருள், ஈரத்துக்கு ஈரம் வேறுபடுகின்றது.

இவ்வழியை மனிதக் கை எவ்வாறு காண்கின்றது? சுவீடனில் ஊமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோலண்ட் யோகான்சனும் கோரன் வெஸ்லிங்கும் 1984இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். உப்புத்தாள், மென்தோல், பட்டு ஆகியவற்றாற் போர்த்த ஒரு பொருளை மனிதர் தூக்கும்போது விரல்கள் செலுத்தும் விசையை அவர்கள் அளந்தனர். வழுக்கும் பட்டை விரல்கள் இறுக்கமாகப் பிடித்தன. சொரசொரப்பான உப்புத்தாளைத் தளர்வாகப் பிடித்தன. எந்தப் பொருளாயினும், அது வழுக்குதற்குச் சற்று மேலான விசையை மாத்திரமே கை செலுத்தியது. பொருள் சிறிது வழுக்கினால், ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவான நேரத்தில், அறிவு அறியுமுன்னரே பிடி இறுகியது. விரல்களை மரத்துப்போகச் செய்தபோது அந்நயம் முழுவதும் கெட்டது. தசையின் வலிமை குன்றாதிருந்தும் கை தடுமாறியது. ஒரு கையின் உள்ளங்கைப் புறத் தோலிலே தொடுகையை உணரும் நரம்பு முனைகள் ஏறத்தாழ 17,000 உள்ளன என்று கணக்கிட்டிருக்கின்றனர். அத்தனையும் ஓயாது செய்தி அனுப்புகின்றன. விரலாலே கேட்டுக்கொண்டிரு என்று எம் ஆய்வுகூடத்து அண்ணை கூறியது இதனையே.

இயந்திரத்துக்கு அக்கேள்வியை ஊட்டுதற்குப் பொறியியலாளர் பல வழிகளைக் கண்டனர். முதலாவது வழி, கையை மாற்றாது உலகையே மாற்றிவிடுதல். ஹங்கேரியைச் சேர்ந்த ஜூலா தகாச்சி 1951இல் உருவாக்கிய குழித்தட்டிலிருந்து வளர்ந்ததே இன்று ஆய்வுகூடங்களெங்கும் காணப்படும் 96 குழித்தட்டு. அதன் நீளம் 127.76 மில்லிமீற்றர், அகலம் 85.48 மில்லிமீற்றர் என 2004இல் நியமம் வகுக்கப்பட்டது. எந்த நாட்டிற் செய்த தட்டும் எந்த இயந்திரத்தின் கைக்கும் பொருந்தும். பெரும் பயன் தந்த வழிதான். ஆயினும் ஈரமான குழாய், சற்றுச் சரிந்த குடுவை, வாய் தேய்ந்த முகவை ஆகியன நியமத்துக்கு அடங்குவன அல்ல.

இரண்டாவது வழி, விரலையே மென்மையாக்குதல். அமெரிக்காவின் கோர்னெல், சிக்காக்கோப் பல்கலைக்கழக ஆய்வாளர் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஒரு வேடிக்கையான கை, அரைத்த கோப்பித்தூள் நிரம்பிய ஓர் இறப்பர்ப் பலூன். பொருளின்மேல் அதனை அழுத்தினால், தூள் நெகிழ்ந்து பொருளின் வடிவத்தைத் தழுவிக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சியதும் தூள் இறுகிப் பொருளைப் பற்றிக்கொள்ளும். பச்சை முட்டையையும் அது உடையாமல் தூக்கியது. பொருள் எவ்வடிவினது என்பதை முன்கூட்டி அறிய வேண்டிய தேவை அதற்கில்லை. பொருளே கைக்கு வடிவங் கொடுத்துவிடுகின்றது.

மூன்றாவது வழி, விரலுக்கு உணர்வு கொடுத்தல். எளிய முறைகளும் உண்டு. விரலை இயக்கும் மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்தால், எதிர்ப்பு எவ்வளவு என்பது தெரியும். விரல்கள் எவ்வளவு தூரம் மூடின என்பதை அளந்தால், இடையிலே பொருள் உண்டா இல்லையா என்பது புலப்படும். நுட்பமான முறைகளுள் ஒன்று, மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் எட்வேட் அடெல்சன், மைக்கா ஜோன்சன் ஆகியோர் 2009இல் அறிமுகஞ் செய்தது. விரல் நுனியில் ஒளிபுகும் மென்கூழ். அதன் மேல் ஒளியைத் தெறிக்கும் மெல்லிய பூச்சு. உள்ளே விளக்கும் கமராவும். பொருள் படும்போது கூழிலே விழும் பள்ளத்தை உள்ளிருந்து கமரா பார்க்கின்றது. பள்ளத்தின் வடிவம் மாறினால் பொருள் வழுக்குகின்றது என்று பொருள். தொடுகையைப் பார்வையாக மாற்றிய விந்தை இது.

தொடுகைக்கு இத்துணை முதன்மை எதற்கு, கண் போதாதோ என வினவலாம். ஆய்வுகூடத்திலே கண் போதாது. கண்ணாடி ஒளிபுகும் பொருள். தூரத்தை அளக்கும் கமரா அனுப்பும் ஒளி, கண்ணாடியினூடே சென்று பின்னாலுள்ள சுவரிற் பட்டோ, முறிந்து திசைமாறியோ திரும்புகின்றது. குடுவை நிற்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று கமரா கூறும். நாமும் இருளிலே கண்ணாடிக் குவளையைக் கையால் தடவியன்றோ எடுக்கின்றோம்!

இதற்கு நல்ல சான்று லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ கூப்பரின் குழுவினர் ஆக்கி, 2020ஆம் ஆண்டு யூலை மாதம் வெளியிட்ட நடமாடும் இரசாயன றோபோ. ஏறத்தாழ 400 கிலோகிராம் நிறையுள்ள அது மனிதருக்கென அமைந்த சாதாரண ஆய்வுகூடத்திலே தானாக நடமாடி, எட்டு நாள்களில் 688 பரிசோதனைகளைச் செய்தது. ஒளியின் உதவியால் நீரிலிருந்து ஐதரசனைப் பெறுதற்கு ஏற்ற ஊக்கியைத் தேடியது. தொடக்கத்திலிருந்த கலவையினும் ஆறு மடங்கு செயலூக்கமுள்ள ஒன்றைக் கண்டும் தந்தது. எனக்கு அதனினும் சுவையாகத் தோன்றியது, அது தன் இடத்தை அறியும் முறையே. அது கமராவை நம்பவில்லை. லேசர்க் கதிரால் அறையைத் துழாவி மேசையை அணுகியபின், மேசையிற் பொருத்தப்பட்ட ஒரு சிறு கனவுருவைத் தன் கையால் மெல்லத் தொட்டு, தான் நிற்கும் இடத்தை ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமளவுக்குத் திருத்திக்கொள்கின்றது. அதன் பின்னரே கண்ணாடிச் சிமிழை எடுக்கின்றது. ஆகவே முழு இருளிலும் அதனால் வேலை செய்ய முடியும்.

இவற்றையெல்லாம் படித்தும் பார்த்தும் நான் தெளிந்தது ஒன்றுண்டு. மென்மையான பிடியின் உயிர், குறைந்த விசையிலும் இல்லை, மென்மையான இறப்பரிலும் இல்லை. தன் பிடி பிழைத்துவிட்டது என்பதை உடனே உணர்ந்து, உணர்ந்ததை மறையாது தெரிவித்தலிலே இருக்கின்றது. எங்கள் ஆய்வுகூடத்து இயந்திரம் குழாயை நழுவவிட்டமை ஒரு சிறு குற்றம். ஈரமான குழாயை எந்தக் கையும் ஒருநாள் நழுவவிடும். நழுவவிட்டதை அறியாது, வைத்ததாக எழுதியமையே பெருங்குற்றம். நழுவியது என்று அந்நேரமே ஒரு மணி ஒலித்திருந்தால், விடியும்வரை அச்சிசுவின் முடிவுக்காக எவரும் வீணே காத்திருக்க நேர்ந்திராது.

அக்குறையைப் பொறியியலாளர் ஒரு பிற்பகலிலே தீர்த்தனர். விரல்கள் எதிர்பார்த்த அளவுக்கு மேலாக மூடிக்கொண்டால், இடையில் ஒன்றுமில்லை என்று இயந்திரம் அறியும். உடனே நின்று மணி ஒலிக்கும். பதிவேட்டில், எடுக்க முடியவில்லை என்று எழுதும். மறுநாள் இரவே அம்மணி ஒருமுறை ஒலித்தது. ஓடிச்சென்று பார்த்தேன். குழாய் தட்டில் சரிந்து கிடந்தது; கை அதன் மேலே அசையாது நின்றது. நேராக்கி வைத்தேன், வேலை தொடர்ந்தது. யாருக்கும் ஓர் ஊறும் இல்லை. ஓர் இயந்திரம் தன் பிழையை ஒத்துக்கொண்டு நிற்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகலிலே அதற்குக் கற்பிக்க முடிந்ததை, நான் முப்பதாண்டுகளாகக் கற்கவில்லையே என்ற நாணம் என்னைப் பற்றியது.

இயந்திரத்துக்கும் எமக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டென்பதையும் கூறல் வேண்டும். இயந்திரம் அறியாமையால் பொய் எழுதியது. நான் அறிந்தே வாளாவிருந்தேன். அதற்கு வேண்டியிருந்தது ஓர் உணரி. எனக்கு உணர்வு இருந்தது, மணிதான் ஒலிக்கவில்லை.

ஆண்டுகள் பல சென்றபின் ஊருக்கு வந்தபொழுது அண்ணையைக் காணச் சென்றேன். அவர் மறைந்து சில காலமாயிற்றென்று அவர் வீட்டார் கூறினர். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். அவ்வளவி எப்பொழுதோ குப்பைக்குச் சென்றிருக்கும். அந்நண்பன் எங்கோ வெளிநாட்டில் இருப்பதாக அறிகின்றேன். பழைய மாணவர் சங்கத்தின் மலர்கள் அவன் கைக்கும் எட்டும் என்று நம்புகின்றேன்.

இன்று எம் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்களுட் சிலர் நாளை இத்தகைய இயந்திரக் கைகளை ஆக்குவீர்கள். அவற்றுக்கு வலிமையையும் வேகத்தையும் கொடுப்பதற்கு முன்னர், பிடி தவறியபோது நின்று சொல்லும் நேர்மையை அவற்றுக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னர், ஆய்வுகூடத்தில் உங்கள் கையால் ஒன்று வெடித்தால், அன்றே, அந்த நேரமே, சென்று சொல்லுங்கள். ஏச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டது முடியாது.

இறுதியாக என் நண்பனுக்கு: அன்று நீ எழுதிய மூன்று அளவீடுகளும் நீ கண்டபடியே எழுதப்பட்டவை. கவனக்குறைவு உன்னுடையதன்று, அண்ணையினுடையதுமன்று. அளவியை வெடிக்கச் செய்து, சுவர்ப்புறம் திருப்பி வைத்தவன் நான். இதனை எழுத எனக்கு ஐம்பதாண்டுகளுக்கு மேற் சென்றமைக்காக என்னைப் பொறுத்துக்கொள்வாயாக.